நியூட்ரலிலும் சுழலும்

செம்பூர்
ஞாயிறு மாலை

அன்புள்ள சேகர்,

பதில் போட ரொம்ப நாளாகிவிட்டது. திட்டுவதையெல்லாம் நேரில் வந்து திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. பாலு இன்னும் அதே பாலுதான். மாதுங்கா பீரோ விவகாரம் தீரவில்லை, கேட்காதே.

துபாயிலிருந்து நீ அனுப்பிய படங்களையும், 'இதெல்லாம் சேர்த்து வாங்கப் போகிறேன்' என்ற அந்தப் பட்டியலையும் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜெட்ஸ்கி, அதான் அந்தத் தண்ணீர் ஸ்கூட்டர், வாங்கி மும்பைக்குக் கொண்டுவந்து மீன் பிடிக்கிற ஆசை உனக்கு வந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் இருபத்திரண்டு சாமான் எழுதியிருக்கிறாயே, அதில் ஒன்றாவது வண்டியின் அடிவயிற்றைப் பற்றியதா? கப் ஹோல்டர் இரண்டு, கேமரா தாங்கி, ஸ்பீக்கர், தூண்டில் ராடு செருக இன்னும் நான்கு குழாய். கல்யாண சீர்வரிசை மாதிரி இருக்கிறதடா.

முதலில் வண்டி. நீ கேட்ட சீடூ ஃபிஷ் ப்ரோ, மீன்பிடிக்கென்றே செய்த ஜெட்ஸ்கி, 2019 மாடலாக முதலில் வந்தபோது 155 குதிரைத்திறன். அப்புறம் வந்தவற்றில் 170. அந்தப் பதினைந்து குதிரைக்காக நீ கூடுதல் பணம் தருவதாக எழுதியிருக்கிறாய். மெதுவாக ஊர்ந்து தூண்டில் இழுக்கப் போகிறவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. விற்கிறவனிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதில் ஐடிஎஃப் இருக்கிறதா? இம்பெல்லரை, அதாவது தண்ணீரைத் தள்ளுகிற உள் விசிறியை, பின்பக்கமாகச் சுழற்றி, சிக்கிய குப்பையைத் துப்ப வைக்கிற ஏற்பாடு அது. பிறகு வந்த சில மாடல்களில் உண்டு, எல்லாவற்றிலும் கிடையாது. துபாய்த் தண்ணீரில் அது இல்லாமலும் காலம் தள்ளலாம். முதல் மழைக்கு மித்தி ஆறு மாஹிம் கழிமுகத்தில் கொண்டுவந்து கொட்டுகிற பாலித்தீன் பையைப் பார்த்து வளர்ந்தவன் நீ, உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

என் கவலை பாலித்தீனோடு முடியவில்லை. ஜெட்ஸ்கி உறிஞ்சி ஓடுகிற வண்டி. அடியில் ஒரு சல்லடை, அதன் வழியே தண்ணீர் ஏறி, இம்பெல்லர் தள்ளி, பின்னால் பீய்ச்சி அடிக்கிறது. நீயோ அதைச் சுற்றிலும் தூண்டில் நரம்பும் கயிறும் வலையுமாகத் தொங்கவிடப் போகிறாய். ஓடுகிற மிக்ஸிப் பக்கத்தில் நூல்கண்டு வைத்துக்கொண்டு உட்காருவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

இதில் பலருக்குத் தெரியாதது நியூட்ரல் சமாசாரம். சாதாரண மோட்டார் படகில் நியூட்ரல் போட்டால் புரொப்பெல்லர் நின்றுவிடும். இதில் நிற்காது. என்ஜின் ஓடுகிற வரை இம்பெல்லர் சுழலும், சல்லடை உறிஞ்சும். பின்னால் இருக்கும் ஒரு மூடி பாதி இறங்கி, வெளியேறும் நீரை இரண்டு பக்கமும் சமமாகத் திருப்புவதால் வண்டி நகராமல் நிற்கிறது, அவ்வளவுதான். ரிவர்ஸும் அதே மூடியின் வேலைதான். ஆகவே 'நியூட்ரலில்தானே இருக்கிறேன்' என்று மீனோடு மல்லுக்கட்டுகிறவனுடைய தளர்ந்த நரம்பு நேரே உள்ளே போகும். பின்பக்கம் நரம்பை விட்டுவிட்டு ரிவர்ஸ் எடுப்பவனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

உள்ளே போனால் என்ன ஆகும்? தங்கூஸ் நரம்பு இம்பெல்லரைச் சுழற்றுகிற தண்டான ஷாஃப்டைச் சுற்றி இறுகி, சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும். நீ பட்டியலில் போட்டிருக்கும் பின்னல் நரம்பு இன்னும் மோசம், மெல்லியது, அறுகாது. சுற்றிச் சுற்றி முன்னால் ஏறி, ஷாஃப்ட் வண்டிக்குள் நுழைகிற துவாரம் வரை போய்விடும். அங்கேதான் கார்பன் சீல் இருக்கிறது: ரப்பர் உறை ஒன்று கார்பன் வளையத்தை எஃகு வளையத்தோடு அழுத்திப் பிடித்திருக்கும், அந்த அழுத்தம்தான் கடலை வெளியே நிறுத்துகிறது. அது கெட்டால் தண்ணீர் உள்ளே. இன்னொன்றும் கேள். இந்த வண்டிகளில் உள்ளே வந்த நீரை வெளியேற்றுகிற இயல்பான ஏற்பாடு, வண்டி ஓடும்போது பீய்ச்சுகிற நீரின் இழுப்பில்தான் வேலை செய்யும். நீ என்ஜினை அணைத்துவிட்டு இரண்டு மணி நேரம் மிதந்துகொண்டு மீன் பிடிக்கும்போது அது சும்மா இருக்கும். அதனால் பட்டியலில் ஸ்பீக்கரை அடித்துவிட்டு, உள்ளே தேங்கிய நீரை இறைக்கிற மின்சார பில்ஜ் பம்ப் எழுது. மணிக்கு 1900 லிட்டர் அளவு போதும், மிதவை சுவிட்சோடு, தனி ஃபியூஸோடு.

கரைக்கு வந்து டிரெய்லரில் ஏற்றியதும் பின்னால் இருக்கும் இரண்டு வடிகால் மூடிகளையும் கழற்றிப் பார். ஒரு டம்ளர் வந்தால் சரி. அரை வாளி வந்தால் சீலைப் பார்க்காமல் மறுபடி இறக்காதே. (இறக்கும்போது அதே மூடிகளை மாட்ட மறக்கிற ஆட்களும் உண்டு. மூர்த்தியை நான் குறிப்பிடவில்லை.)

பழக்க வேண்டிய வரிசை இது. மீன் மாட்டியதும் என்ஜினை நிறுத்தி, உன் உடுப்போடு கட்டியிருக்கும் பாதுகாப்புக் கயிற்றின் சாவியைப் பிடுங்கிவிடு. மீனை ஏற்றியபின் எல்லா ராடையும் சுற்றி முடி. எட்டிப் பார்த்து, நரம்பு ஒன்றும் அடியில் தொங்கவில்லை என்று உறுதி செய். பிறகுதான் சாவி. நரம்பை இழுத்துக்கொண்டு மெதுவாக ஓடும்போது இரண்டு ராடுக்கு மேல் வேண்டாம், இரண்டையும் பக்கவாட்டில் விரித்துப் போடு, பெரிய வட்டமாகத் திரும்பு. சட்டென்று திரும்பினால் உள்பக்க நரம்பு தளர்ந்து வண்டிக்குப் பின்னாலேயே வந்து நிற்கும்.

என்ஜின் உறுமுகிறது, வேகம் மட்டும் ஏறவில்லை, கைப்பிடியில் நடுக்கம் தெரிகிறது என்றால் எதுவோ சிக்கியிருக்கிறது. உடனே நிறுத்து. ஐடிஎஃப் பாலித்தீனையும் பாசியையும் துப்பும், கயிற்றுக்கும் நரம்புக்கும் அதை நம்பாதே. சாவியைப் பிடுங்கி உன் சட்டைப்பையில் போட்ட பிறகுதான் சல்லடைக்கு அருகில் கை போகலாம். வளைந்த அலகுள்ள கத்தியும் நீண்ட மூக்குக் குறடும் உயிர்காப்பு உடுப்பிலேயே கட்டியிருக்க வேண்டும், சீட்டுக்கு அடியில் வைத்துப் பயனில்லை. கடலில் முழுவதும் எடுக்க முடியாது. வெளியே தெரிகிறதை அறுத்துவிட்டு ஊர்ந்து கரை சேர், அங்கே டார்ச் அடித்து ஷாஃப்டைப் பார்.

சத்தமும் நடுக்கமும் இல்லாமல், இழுவை மட்டும் குறைந்துகொண்டே வருகிறதா? அப்போது வேர் ரிங் தேய்ந்திருக்கிறது. இம்பெல்லரைச் சுற்றியிருக்கும் அந்த வளையம் சீடூவில் பெரும்பாலும் பிளாஸ்டிக். நடுவில் மயிரிழை இடைவெளிதான். கூழாங்கல், கிளிஞ்சல் இரண்டு போனால் கீறல் விழும், கீறலில் காற்றுக் குமிழி புகும், தள்ளு குறையும். பின்பக்க அடிக்குக் கீழே குறைந்தது 90 சென்டிமீட்டர் தண்ணீர் இருந்தால்தான் என்ஜினைப் போட வேண்டும் என்பது இதற்காகத்தான். அதுவரை தள்ளிக்கொண்டு நட.

அங்கேதான் மும்பை உன்னைச் சோதிக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இங்கே கடல்நீரின் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நான்கு மீட்டர், சில நாள் அதற்கு மேலும் வித்தியாசம் வரும், ஆறு மணி நேரத்துக்குள். காலையில் வண்டியை இறக்கிய இடத்தில் மத்தியானம் முழங்கால் சேறு. ஏற்றம் உச்சிக்கு வர இரண்டு மணி நேரம் இருக்கும்போது இறக்கு, உச்சி தாண்டி இரண்டு மணி நேரத்துக்குள் திரும்பு. காலண்டரைப் பார்த்து அஷ்டமி, நவமிப் பக்கம் போனால் நீரோட்டமும் குறைவு, உனக்கும் நிதானம் இருக்கும்.

இதே கணக்கு நங்கூரத்துக்கும். 'நங்கூரம், எட்டு மீட்டர் கயிற்றோடு' என்று எழுதியிருக்கிறாய். ஏரிக்குச் சரி. நீ நிற்கிற இடத்தில் இப்போது ஆழம் மூன்று மீட்டர் என்று வை. ஏற்றத்தில் நான்கு கூடும், ஏழு. தண்ணீருக்கு மேலே வண்டி மூக்கின் உயரம் அரை மீட்டர். நங்கூரம் சாய்ந்து பிடிக்க அந்த உயரத்தைப்போல் ஐந்து மடங்கு கயிறு வேண்டும், ஏழரைக்கு முப்பத்தேழரை மீட்டர். நாற்பதாக வாங்கு, முனையில் ஒன்றரை மீட்டர் சங்கிலி. குடை மாதிரி மடங்குகிற நங்கூரம் பாறைக்கு. நம் சேற்றுக்குத் தட்டையான அலகுள்ளதுதான் பிடிக்கும். கயிறு நைலானாக இருக்கட்டும், மூழ்கும். மிதக்கிற மலிவு பாலிப்ரொப்பிலீன் கயிறு சல்லடைக்கு விருந்து. எந்தக் காலத்திலும் பின்பக்கம் கட்டாதே. ஓட்டம் பின்புறத்தை அமுக்கி அலையை உள்ளே கூப்பிடும். மூக்கு வளையத்திலேயே கட்டு, நடுவில் ஒரு பந்து மிதவையும் சட்டென்று கழற்றுகிற கொக்கியும் போடு. அவசரத்தில் கயிற்றைக் கழற்றிவிட்டுப் போகலாம், பந்து அங்கேயே காத்திருக்கும்.

தெர்மாகோல் துண்டோ, கேனோ வரிசையாக மிதந்தால் அது வலை. வர்சோவா, வசாய்ப் பக்கம் கோலி மீனவர்கள் ஓட்டத்துக்கு எதிரே பை மாதிரியான டோல் வலையைக் கட்டி நிறுத்தியிருப்பார்கள். இரண்டு மிதவைக்கு நடுவே புகுந்தால் உன் பம்ப்பும் போகும், அவர்கள் வலையும் போகும். சுற்றிப் போ. அவர்களுக்கு அது சோறு, உனக்குப் பொழுதுபோக்கு. டிராம்பே அணு ஆராய்ச்சி மையக் கரை, கடற்படைத் தளம், ஜவஹர் த்வீப் எண்ணெய்த் துறை, இந்தப் பக்கமெல்லாம் தலைவைத்தும் படுக்காதே. எங்கே இறக்கலாம், என்ன அனுமதி வேண்டும் என்பதை மகாராஷ்டிரா மாரிடைம் போர்டில் கேட்டுக்கொண்டு வா. சுங்கம் பற்றி பாலுவிடம் கேள், அவனுக்குப் பேச ஆள் வேண்டும்.

பாட்டரி. வண்டியின் பாட்டரி சின்னது, மாடலைப் பொறுத்து 18 அல்லது 30 ஆம்பியர்-மணி. மீன் காட்டும் திரை ஒன்றரை ஆம்பியர், மீன் தொட்டிப் பம்ப் மூன்று, போன் சார்ஜர் ஒன்று. ஐந்தரை ஆகிவிட்டது. 18இல் பாதியைத்தான் தைரியமாக எடுக்கலாம், ஆக ஒன்றரை மணி நேரம். அதற்குப் பிறகு ஸ்டார்ட் ஆகுமா என்பது சூதாட்டம். சாமான்களுக்கென்றே 20 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பாட்டரியைத் தண்ணீர் புகாத பெட்டியில் வை. பாஸிட்டிவிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ். வயர் வெள்ளீயம் பூசின செம்பாக இருக்க வேண்டும். வெறும் செம்பு இந்த உப்பில் பச்சையாகிவிடும்.

பின்னால் 51 லிட்டர் ஐஸ்பெட்டி ஏற்கெனவே இருக்கிறது. ஐஸும் மீனும் நிரம்பினால் அதுவே ஐம்பது கிலோ. அதற்கும் பின்னால் நீ தாங்கி மாட்டி பெட்ரோல் கேன் வைத்தால் மூக்கு ஆகாயத்தைப் பார்க்கும், ஓடும்போது குதிரை மாதிரித் துள்ளும். கனமானதெல்லாம் முன் அறைக்குள் போகட்டும்.

பெட்ரோலும் ஒரு தலைவலி. கம்பெனிக் கையேடு பத்து சதவீதத்துக்கு மேல் எத்தனால் கூடாது என்கிறது. இங்கே பங்க்கில் ஊற்றுவது பெரும்பாலும் இருபது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், டேங்கில் நாள்கணக்கில் கிடந்தால் தண்ணீரோடு கீழே பிரிந்து நிற்கும். எத்தனால் இல்லாதது எங்கே கிடைக்கும் என்று விசாரித்து வைக்கிறேன்.

கரைக்கு வந்ததும் என்ஜினுக்குள் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுவது: ஹோஸை மாட்டு, முதலில் என்ஜின், உடனே தண்ணீர். ஒன்றரை நிமிடம். நிறுத்தும்போது முதலில் தண்ணீர், அப்புறம் என்ஜின். மாற்றிச் செய்தால் எக்ஸாஸ்ட் வழியே தண்ணீர் என்ஜினுக்குள் போகும். கரையில் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓட்டவே கூடாது, அதே கார்பன் சீலுக்குக் குளிர்ச்சி கிடைக்காது.

தானாக ஊதிக்கொள்ளும் உயிர்காப்பு உடுப்பையும் பட்டியலிலிருந்து எடு. தெறிக்கிற தண்ணீரிலேயே ஊதிவிடும், தூண்டில் முள் குத்தினால் அதற்கும் மங்களம். ஃபோம் உடுப்புதான். தனியாகப் போகாதே. கடலோரக் காவல்படை எண் 1554, போனில் போட்டு வை. போன் நனையாத பையில் இருக்கட்டும்.

ஜூன், ஜூலையில் இங்கே மீன்பிடித் தடை, கடலும் உன்னை விடாது. ஆகவே அக்டோபரில் வா. கோபி அடுத்த மாதம் வருகிறானாமே, அவன் பெட்டியில் ஒரு வேர் ரிங்கும் ஒரு கார்பன் சீல் செட்டும் போட்டு அனுப்பிவிடு. இங்கே கேட்ட அன்றே கிடைக்கும் என்று நம்ப முடியாது. வாங்கும் முன் வண்டியின் உடலில் பொறித்திருக்கும் ஹல் நம்பரைச் சொல்லிக் கேள், வருஷத்துக்கு வருஷம் அளவு மாறும்.

சுதாவுக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு.

உன்,
ரவி

பி.கு. கப் ஹோல்டர் ஒன்று இருக்கட்டும். இரண்டாவது யாருக்கு என்று சுதா கேட்கச் சொன்னாள்.