சிக்கனம் தெரியாதவர்கள் அல்ல நாங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு மின் கட்டணம் பற்றித் தங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை ஆறுதலாக இருந்து வாசித்தேன். கட்டண விபரமெல்லாம் ஒழுங்காகவே இருந்தது. கடைசிப் பந்திதான் மனதில் தைத்துவிட்டது. பில் ஏறிவிட்டது என்று முறையிடும் குடும்பங்கள், அதிலும் கிராமப்புறப் பெண்கள், மின்சாரத்தைச் சிக்கனமாகப் பாவிக்க இன்னும் பழகவில்லை, அவர்களுக்கு விழிப்புணர்வு ஊட்ட வேண்டும் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். படித்த மனிதர், அவர் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த வரியை எழுதுமுன் இந்தப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குள்ளாவது வந்து பார்த்திருக்கலாம்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. மட்டக்களப்பு ஆரையம்பதியில் இருந்து மண்முனைத் துறையில் பாதை என்னும் மிதவைப் படகு ஏறி, வாவிக்கு அக்கரையில் உள்ள படுவான்கரைக்குப் போய்ப் படிப்பித்தவள். 2014 இல் பாலம் திறந்ததெல்லாம் பிறகுதான். அந்தக் காலத்தில் அக்கரையில் எத்தனையோ ஊர்களுக்குக் கரண்ட் கம்பியே போகவில்லை. பிள்ளைகள் குப்பி லாம்பைச் சுற்றியிருந்து படித்தார்கள். ஒரு போத்தல் மண்ணெண்ணெய் எத்தனை இரவுக்கு வரும் என்று அந்தத் தாய்மாருக்குத் தெரியும். பரீட்சைக் காலத்தில் திரியைத் தூண்டுவார்கள், முடிந்ததும் இறக்குவார்கள். அவர்களுக்கா சிக்கனம் தெரியாது? போத்தலைத் தூக்கிப் பார்த்தால் மிச்சம் எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரிந்தது, அதனால் அளந்து பாவித்தார்கள். இன்று அதே பெண்கள் பேரப்பிள்ளைகளோடு கரண்ட் உள்ள வீட்டில் இருக்கிறார்கள். இன்று எவ்வளவு போனது, நேற்று எவ்வளவு போனது என்று அவர்களுக்கு யார் காட்டுகிறார்கள்?

மாதம் முடிந்த பிறகு ஒரு துண்டு வருகிறது. போன மாத இலக்கம், இந்த மாத இலக்கம், யூனிட், கட்ட வேண்டிய காசு. அவ்வளவுதான். கடந்த வருடம் இதே மாதம் எத்தனை யூனிட் என்று என் கைக்கு வந்த துண்டில் நான் கண்டதில்லை. மார்கழி மழையில் ஃபேன் தேவைப்படாது. ஆடியில் கச்சான் காற்று அனலாக வீசும்போது ஃபேன் இல்லாமல் பிள்ளைகள் கண்மூட மாட்டார்கள். அப்படியிருக்கப் போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிட்டு என்ன விளங்கும்? ஏறினால் காலநிலையா, பழுதான பிரிட்ஜா, வந்து நின்ற விருந்தாளிகளா என்று எப்படிப் பிரித்தறிவது?

கட்டண முறையும் அப்படிப்பட்டது. மாதம் 60 யூனிட்டுக்குள் நின்றால் குறைந்த விலை. ஒரு யூனிட் தாண்டினாலும் முதல் 60 யூனிட்டுக்குமே வேறு விலை. அதன் பிறகு 90, 120, 180 என்று படிப்படியாகப் போகும், நிலையான கட்டணமும் கூடவே ஏறும். எங்கள் ஒழுங்கையில் இடியப்பம் அவித்து விற்கும் ஒரு அக்கா இருக்கிறார். தாண்டியது சொற்ப யூனிட், காசோ தாங்க முடியாத அளவு. “எல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் ரீச்சர் பாவிக்கிறன், எதால ஏறுதெண்டுதான் விளங்குதில்ல” என்று என்னிடம் அழுதார். மாதத்தின் இருபதாம் நாளில் இத்தனை யூனிட் முடிந்துவிட்டது என்று தெரிந்திருந்தால் மிச்சப் பத்து நாளைச் சமாளித்திருப்பார். அவரைப் பார்த்துத்தான் பழகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பழைய மீற்றர், உள்ளே அலுமினியத் தட்டு சுற்றும், அதன் விளிம்பில் ஒரு கோடு இருக்கும். மருமகள் பாடசாலைக்குப் போகச் சேலை அயன் பண்ணிக்கொண்டிருந்த ஒரு காலையில் பேத்தியைக் கதிரையில் ஏற்றி அந்தத் தட்டைப் பார்க்கச் சொன்னேன். அவள் ஆறு எண்ணுவதற்குள் கோடு திரும்பி வந்துவிட்டது. அயனை நிறுத்தி, பிரிட்ஜையும் கழற்றி, ஒரு எல்.ஈ.டி. பல்பை மட்டும் எரியவிட்டோம். தட்டு நகர்வதே தெரியவில்லை, பிள்ளை பொறுமையிழந்து இறங்கிவிட்டாள். 1000 வாற்று அயன் ஒரு மணித்தியாலம் சூட்டில் நின்றால் ஒரு யூனிட். 9 வாற்று பல்ப் அதே ஒரு யூனிட்டை எடுக்க நூறு மணித்தியாலத்துக்கு மேல் எரிய வேண்டும். நாங்களோ இத்தனை காலமும் பல்ப் சுவிச்சுக்குப் பின்னால்தான் ஓடித் திரிந்தோம், எங்களுக்குச் சொல்லப்பட்டதும் அதுதான்.

அன்றிலிருந்து உடுப்பெல்லாம் வாரத்தில் ஒரு நாளில் ஒன்றாக அயன் பண்ணப்படுகிறது. தேநீருக்குக் கேத்தல் நிறையத் தண்ணீர் கொதிப்பதில்லை. மாலையில் மீற்றர் இலக்கத்தைக் காலண்டரில் எழுதுவது பேத்தியின் வேலை. கூடிப்போன நாளில் “இண்டைக்கு என்ன நடந்தது அம்மம்மா?” என்று கேட்பாள், நாங்களும் யோசித்துப் பார்ப்போம். 90 யூனிட்டுக்கு மேலேயே நின்ற வீடு 90 க்குள் வந்தது. எந்த விழிப்புணர்வுக் கூட்டமும் எங்களைத் திருத்தவில்லை.

அந்தக் கூட்டங்களில் ஒன்றுக்கு நானும் போயிருக்கிறேன். அறையை விட்டு வெளியே வரும்போது விளக்கை அணையுங்கள் என்றார்கள். பழைய பிரிட்ஜ் ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் எடுக்கும் என்று பின்வரிசையில் இருந்து ஒரு தாய் கேட்டார். பதில் வரவில்லை, சிற்றுண்டிதான் வந்தது.

இது என் வீட்டுக் கதை மட்டும் என்று கட்டுரையாளர் ஒதுக்கிவிடக் கூடாது. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகளின் மகன் சில ஆய்வுகளை எடுத்துத் தந்தான். ஒக்ஸ்போர்டில் சாரா டார்பி 2006 இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்திருக்கிறார். பாவனையை உடனுக்குடன் கண்ணால் காணும் வீடுகளில் 5 முதல் 15 சதவீதம் வரை குறைந்திருக்கிறது. பிந்தி வரும் பட்டியலால் குறைவது 0 முதல் 10 வரைதான். நியூ ஜேர்சியில் 1970களில் சில வீடுகளுக்கு அநேகமாகத் தினமும் பாவனையைச் சொல்லி வந்ததில் 10.5 சதவீதம் குறைந்தது. தபாலில் அறிக்கை அனுப்பும் பெரிய திட்டங்களில் சராசரியாக 2 சதவீதம்தான். எனவே இது பெரிய மந்திரம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 60 இன் விளிம்பில் நிற்கும் வீட்டுக்கு அந்த இரண்டு சதவீதமே போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைச் செய்யப் புறப்படுபவர்கள் பிழையாகச் செய்துவிடுவார்கள். கலிபோர்னியாவின் சான் மார்க்கோஸ் நகரில் நடந்த ஆய்வு 2007 இல் வெளியானது. அயலவர் சராசரியாக எவ்வளவு பாவிக்கிறார்கள் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் எழுதிக் கொடுத்தார்கள். கூடுதலாகப் பாவித்தவர்கள் குறைத்தார்கள், குறைவாகப் பாவித்தவர்களோ கூட்டிவிட்டார்கள். நல்லது என்று காட்ட ஒரு சிரித்த முகம் வரைந்து கொடுத்த வீடுகளில் மட்டும் அந்தக் கூடுதல் வரவில்லை. எங்கள் ஊர்களில் குறைவாகப் பாவிக்கும் வீடுகள் எத்தனை! அவர்களுக்குச் சராசரியை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் என்ன நடக்கும்? நன்றாகச் செய்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைதான் எங்களுக்கு ஒருபோதும் கிடைப்பதில்லை. 2022 பங்குனி முடிவில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோம். அந்த ஆவணியில் கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது, 2023 மாசியில் இன்னொரு 66. பின்னர் குறைந்தது, மறுபடி ஏறியது. ஒவ்வொரு தடவையும் எதையாவது விட்டுக்கொடுத்துத்தான் கட்டினோம். தாங்கிக்கொண்டதற்கு நன்றி என்று எந்தப் பத்திரிகையும் எழுதியதாக நினைவில்லை, தாங்கள் உட்பட.

மீற்றரை எங்கே பொருத்துகிறார்கள் என்பதையும் யாராவது எழுத வேண்டும். தாழ்வாரத்துக்கு மேலே, கதிரை வைத்து ஏறினால்தான் இலக்கம் தெரியும். முழங்கால் நோவுள்ள நான் ஏற முடியுமா? கடப்பு பூட்டியிருந்த ஒரு மாதம் உத்தேசக் கணக்கு எழுதினார்கள், அடுத்த மாதம் வித்தியாசம் முழுவதும் தலையில் விழுந்தது. காரியாலயத்தில் போய்க் கேட்டேன். “பாவிச்சதுக்குத்தானே அம்மா கட்டச் சொல்றம்” என்றார் அந்தத் தம்பி. எப்போது, எதற்குப் பாவித்தோம் என்பதைத்தான் நான் கேட்டேன். மேற்குக் கரையில் லெகோ என்னும் மின் விநியோகக் கம்பனியின் பகுதிகளில் ஸ்மார்ட் மீற்றர் பொருத்தி வருகிறார்கள். இங்கே எப்போது வரும் என்று கேட்க வேண்டிய கட்டுரையாளர் எங்கள் பழக்கத்தைக் குறை சொல்கிறார்.

தங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு இதழில் ஒரு சிறிய அட்டவணை போடுங்கள். நான்கு வாரத்துக்கு நான்கு கட்டம், மீற்றர் இலக்கம் எழுத ஒரு வரி, யூனிட் எழுத ஒரு வரி. கீழே 60, 90, 120 என்ற எல்லைகளும் அன்றைய விலையும் இருக்கட்டும். அயன், கேத்தல், ரைஸ் குக்கர், தண்ணீர் மோட்டர் ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு எடுக்கும் என்று இரண்டு வரியும் சேருங்கள். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். வெட்டி மீற்றருக்குக் கீழே ஒட்டிக்கொள்வோம். ராசிபலன் பக்கத்தின் ஓரத்தில் இடம் கிடைத்தாலும் போதும்.

மின் பட்டியலில் கடந்த வருட இதே மாத யூனிட்டைச் சேர்க்கும்படி உரியவர்களிடம் தாங்கள் ஒரு தடவை எழுதிக் கேட்டால் இன்னும் நல்லது. நாங்கள் கேட்டால் கடிதத்தோடு போய்விடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஆரையம்பதி.