பெற்றோர் கவனத்திற்கு: பருவச் செய்திகளும் டூ வீலர் விஷயமும்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

காலாண்டுத் தேர்வும் விடுமுறையும் முடிந்து பிள்ளைகள் மறுபடி வகுப்புக்கு வந்துவிட்டார்கள். இந்தப் பருவத்தில் நம் பள்ளியில் நடந்தவற்றைச் சுருக்கமாக உங்களுக்குத் தெரிவிக்கிறேன்.

குறுவட்ட விளையாட்டுப் போட்டிகளில் நம் மாணவ மாணவிகள் ஆர்வமாகக் கலந்துகொண்டு பரிசுகளும் வென்றார்கள். கலைத் திருவிழாவில் வில்லுப்பாட்டுக் குழு நல்ல பெயர் வாங்கியது. என்.எஸ்.எஸ். மாணவர்கள் வளாகத்தில் மரக்கன்றுகள் நட்டார்கள். ஆடு மேய்ந்தது போக மீதி நன்றாகத் துளிர்த்திருக்கின்றன. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்.எம்.எம்.எஸ். தேர்வுக்கான பயிற்சி சனிக்கிழமைகளில் நடக்கிறது. இதில் தேர்வாகும் பிள்ளைக்கு 9 முதல் 12ஆம் வகுப்பு வரை மாதம் 1000 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும் என்பதால் சனிக்கிழமை அன்று பிள்ளையை வேறு வேலைக்கு அனுப்பாதீர்கள். காலாண்டு விடைத்தாள்கள் கொடுத்தாயிற்று. மதிப்பெண் எப்படி இருந்தாலும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். உழைத்த ஆசிரியர்களுக்கும் ஒத்துழைத்த உங்களுக்கும் நன்றி.

சரி, இனி ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

மாணவர்கள் டூ வீலரில் பள்ளிக்கு வரக் கூடாது என்பது இங்கே புதிய விதி அல்ல. ஒவ்வோர் ஆண்டும் பிரேயரில் சொல்கிறோம். அதை நம் பிள்ளைகள் அவர்கள் பாணியில் கடைப்பிடிக்கவும் செய்கிறார்கள். கேட்டுக்குள் ஒரு வண்டி வருவதில்லை. எல்லாம் பின்பக்கச் சந்திலும் தண்ணீர்த் தொட்டியின் அடியிலும் ரேஷன் கடைச் சுவரோரமும் நிற்கின்றன. சில வண்டிகள் தெரிந்தவர் வீட்டு வாசலில், வீட்டுக்காரர் அனுமதியோடு, சாக்கு போட்டு மூடிய நிலையில் நிற்கின்றன. மாலை மணி அடித்த பிறகு அந்தச் சந்தில் ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள். ஒரு வண்டியில் மூன்று பேர், நடுவில் இருப்பவன் மடியில் மூன்று பேருடைய புத்தகப் பை. ஹெல்மெட் என்று ஒன்று இருந்தால் அது கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

சென்ற மாதம் நம் மாணவர்கள் வந்த வண்டி ஒன்று திருப்பத்தில் சறுக்கி விழுந்தது உங்களில் பலருக்குத் தெரியும். கை எலும்பு முறிவோடு போயிற்று, பிள்ளை தேறிவிட்டான். அந்த வாரம் முழுக்க எனக்குப் பெற்றோர்களிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. சாலையில் ஜல்லி கொட்டிக் கிடந்ததைச் சொன்னார்கள். நாய் குறுக்கே ஓடியதைச் சொன்னார்கள். பள்ளி முன்னால் வேகத்தடை இல்லாததற்குப் பள்ளி நிர்வாகம் என்ன செய்தது என்று கேட்டார்கள். எல்லாம் நியாயமான பேச்சுதான். வேகத்தடை கேட்டு மனுவும் கொடுத்திருக்கிறோம். ஆனால் வண்டியை ஓட்டியது பள்ளிச் சிறுவன் என்ற பேச்சை அவர்களில் ஒருவர்கூட எடுக்கவில்லை.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. காலையில் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்தது முதல் பீரியட் முடிந்த பிறகுதான் வருகிறது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து கிளம்பும்போது இருட்டத் தொடங்கிவிடுகிறது. பெண் பிள்ளை ஸ்டாப்பில் தனியாக நிற்பதைவிட ஸ்கூட்டியில் விறுவிறுவென்று வீடு வந்து சேரட்டும் என்று ஓர் அம்மா சொன்னார். அவரை நான் எப்படிக் குறை சொல்வது? விடியற்காலையிலேயே வேலைக்குக் கிளம்பும் பெற்றோர் இருக்கிறார்கள். அப்பா வெளிநாட்டிலோ வெளியூரிலோ இருக்க, தாத்தா பாட்டி பொறுப்பில் வளரும் பிள்ளைகளும் நிறைய. அரும்பு மீசை வந்த பேரன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினால் அந்தப் பாட்டி என்ன செய்வார்?

இதையெல்லாம் யோசித்துத்தான் இவ்வளவு நாளும் கூப்பிட்டுப் பேசுவதோடு விட்டோம். பேசும்போது பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது. "அவன் நல்லாத்தான் ஓட்டுவான் சார்." நல்லாத்தான் ஓட்டுவான், நானும் பார்த்திருக்கிறேன். ஒற்றைக் கையில்கூட ஓட்டுகிறான். எதிரில் வரும் மணல் லாரிக்காரர் என்ன செய்யப் போகிறார் என்று முன்கூட்டியே ஊகிக்கும் பக்குவம் மட்டும் அந்த வயதில் வருவதில்லை. பின்னால் இரண்டு நண்பர்கள் உட்கார்ந்து "இன்னும் முறுக்குடா" என்று சொல்லும்போது இருக்கிற நிதானமும் போய்விடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் மாட்டப்போவது பிள்ளை மட்டும் அல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தின்படி 18 வயது முடியாதவர் பொது இடத்தில் வண்டி ஓட்டக் கூடாது. "16 வயதுக்கு லைசென்ஸ் தருகிறார்களே" என்று சிலர் கேட்கிறார்கள். தருகிறார்கள், ஆனால் அது 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டும், அதுவும் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு. இன்று நம் தெருக்களில் ஓடும் ஸ்கூட்டிகள் 50 சிசியைத் தாண்டியவை, பெரும்பாலானவை 100 சிசிக்கு மேல். நீங்கள் மூட்டை ஏற்றும் எக்ஸ்எல்கூட 50 சிசியைத் தாண்டியதுதான். ஆகவே அந்தச் சலுகை நம் பிள்ளைகள் ஓட்டிவரும் எந்த வண்டிக்கும் பொருந்தாது.

2019இல் இந்தச் சட்டத்தில் 199ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோர் அல்லது பாதுகாவலர், வண்டியின் உரிமையாளர் ஆகியோரையே குற்றவாளியாகக் கருத வேண்டும் என்கிறது அது. மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். அந்த வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. இந்தக் கடைசி விஷயத்தைத் தயவுசெய்து பிள்ளைக்கு எடுத்துச் சொல்லுங்கள், மற்றதைவிட இதுதான் அவர்கள் மனதில் ஏறும். படிப்பு முடித்து வேலைக்கு அலையும் வயது முழுக்க லைசென்ஸ் இல்லாமல் இருப்பது என்றால் என்னவென்று அவர்களுக்கே புரியும். "எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான்" என்று சொல்லலாம், அதற்குச் சட்டத்தில் இடமும் உண்டு. ஆனால் உங்கள் சம்மதத்தோடுதான் ஓட்டினான் என்றே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். தினமும் காலையில் உங்கள் வாசலிலிருந்து கிளம்பும் வண்டியைத் தெரியாது என்று எப்படி நிரூபிப்பீர்கள்?

இன்சூரன்ஸ் இருக்கிறது என்ற தைரியமும் வேண்டாம். ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லாத வழக்குகளில், அடிபட்டவருக்கு நஷ்டஈட்டைக் கொடுத்துவிட்டு அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நீதிமன்றங்கள் அனுமதி தந்திருக்கின்றன. அண்ணன் பெயரிலோ சித்தப்பா பெயரிலோ ஆர்சி புக் இருந்தால் அவர்தான் கட்ட வேண்டிவரும். வீட்டையோ நிலத்தையோ விற்க நேரலாம்.

மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் போகும் குறைந்த திறன் பேட்டரி வண்டிக்கு லைசென்ஸ் தேவையில்லையே என்று ஒரு தகப்பனார் கேட்டார். சரியான கேள்வி. 250 வாட்டுக்குள் இருந்து, அந்த வேகத்தைத் தாண்டாத வண்டிக்கு லைசென்ஸ் தேவையில்லைதான். ஆனால் பேட்டரி வண்டி எல்லாமே அந்த வகை என்று நினைத்துவிடாதீர்கள். பச்சை நம்பர் பிளேட் இருந்தால் அது பதிவு செய்த வண்டி, லைசென்ஸ் வேண்டும். விதிக்குள் வரும் வண்டியானால் அதற்கான தாள்களை எடுத்துக்கொண்டு என்னை வந்து பாருங்கள், பேசிக்கொள்ளலாம்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைப் பேசி ஒரு தீர்மானம் போட்டிருக்கிறோம். அந்தக் குழுவில் பெரும்பான்மையாக இருப்பவர்கள் உங்களைப் போன்ற பெற்றோர்கள்தான், ஆகவே எச்.எம். தனியாக எடுத்த முடிவு என்று யாரும் நினைக்க வேண்டாம். தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளிலிருந்து, மோட்டார் வண்டியில் வரும் மாணவரின் வீட்டுக்கு அன்றே தகவல் வரும். பெற்றோர் நேரில் வந்து எழுதிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துப் போக வேண்டும். அதே பிள்ளை மறுபடியும் வண்டியில் வந்தால் வண்டி எண்ணோடு காவல் நிலையத்துக்கு எழுத்துமூலம் தெரிவிப்போம். சந்திலும் தொட்டியடியிலும் நிறுத்தினாலும் இதேதான். யார் வீட்டுப் பிள்ளை, யாருக்கு வேண்டியவர் என்று பார்க்கப் போவதில்லை. கட்சிக்காரரை விட்டோ கவுன்சிலரை விட்டோ எனக்குப் போன் செய்யச் சொல்வது அவர்கள் நேரத்தையும் என் நேரத்தையும் வீணாக்கும், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இதற்காக எந்தப் பிள்ளையையும் வகுப்புக்கு வெளியே நிறுத்த மாட்டோம், டிசி என்ற பேச்சும் எழாது. பிள்ளை கையில் சாவி தானாக வந்துவிடவில்லை என்பதால் நாங்கள் பேசப்போவது பெரியவர்களிடம்தான்.

கடுமையாக எழுதிவிட்டேன் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். தடை போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் எண்ணம் எங்களுக்கு இல்லை. மாலை பஸ்ஸின் நேரத்தை நம் பள்ளி நேரத்துக்கு ஏற்ப மாற்றக் கேட்டுப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு மேலாண்மைக் குழு மனு கொடுத்திருக்கிறது. பத்துப் பெற்றோர்கள் நேரில் போய்க் கேட்டால் இன்னும் சீக்கிரம் நடக்கும் என்பது என் அனுபவம், வரக்கூடியவர்கள் பெயர் கொடுங்கள். பஸ் நேரம் மாறும் வரை ஸ்பெஷல் கிளாஸை மாலையில் வைக்காமல் காலையில் வைக்க முடியுமா என்று ஆசிரியர்களோடு பேசி வருகிறேன். ஒரே ஊரிலிருந்து வரும் பிள்ளைகளின் பெற்றோர், முறை வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏற்பாடு செய்தால் நல்லதுதான், ஆனால் தயவுசெய்து ஆட்டோவில் பிள்ளைகளைத் திணித்து அனுப்பாதீர்கள். அப்புறம் அதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டிவரும்.

பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டி உங்கள் வீட்டில் இருக்கும். செயின் கழன்று, காற்று இறங்கி, திண்ணைப் பக்கம் சாய்ந்து கிடப்பவற்றையும் பார்த்திருக்கிறேன், பாதி விலைக்குப் போனவற்றையும் கேள்விப்பட்டிருக்கிறேன். அதைச் சரிபார்த்துக் கொடுங்கள். பள்ளியின் சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கூரை போட முன்னாள் மாணவர்கள் முன்வந்திருக்கிறார்கள். வெயிலில் சீட் சுடுகிறது என்ற காரணம் இனி செல்லாது.

நீங்களே பிள்ளையைக் கொண்டுவந்து விடும்போது ஒன்றைக் கவனியுங்கள். முன்னால் இருப்பவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் வேண்டும். நான்கு வயதைக் கடந்த எல்லோருக்கும் சட்டம் அதையே சொல்கிறது. ஆசிரியர்களுக்கும் இதே விதியைப் போட்டிருக்கிறேன், அவர்களில் சிலருக்கு என் மேல் வருத்தம்தான். கேட்டுக்கு நேராக நிறுத்தாமல் கொஞ்சம் தள்ளி ஓரங்கட்டி இறக்கிவிட்டால் நடந்து வரும் சின்னப் பிள்ளைகளுக்கு வழி கிடைக்கும்.

சொல்லும் முன்பே சாவியை வாங்கி வைத்துக்கொண்ட பெற்றோர்கள் இங்கே இருக்கிறார்கள். வேலைக்குப் போகும் வழியில் தம் பிள்ளையோடு பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் ஸ்டாப் வரை கொண்டுவந்து விடுபவர்கள் இருக்கிறார்கள். விபத்து நடந்த அன்று 108க்குப் போன் செய்து, ஆம்புலன்ஸ் வரும் வரை வெயிலில் குடை பிடித்து நின்ற தாய்மார்களும் கடைக்காரர்களும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் பள்ளியின் சார்பில் மனமார்ந்த நன்றி.

இந்தத் தாளின் அடியில் உள்ள ஒப்புகைச் சீட்டில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். பிள்ளை போட்ட கையெழுத்து எங்களுக்கு அடையாளம் தெரியும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
அரசு மேல்நிலைப் பள்ளி

பி.கு.: இலவச பஸ் பாஸுக்குப் புகைப்படம் தராத பிள்ளைகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஸ்டாம்ப் சைஸ் போட்டோ ஒன்றை, பின்புறம் பெயரும் வகுப்பும் எழுதி, நாளையே அனுப்பிவிடுங்கள்.