யுவாஸ்கூலாவிலிருந்து அக்காவுக்கு

யுவாஸ்கூலா, ஃபின்லாந்து,
16.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை கைக்கு வந்தது. அப்பாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

நான் நலம். இங்கே மாலை மூன்றரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. மழையும் பனியும் மாறிமாறிப் பெய்து நடைபாதை கண்ணாடியாக உறைந்து கிடக்கிறது. கீழ்வீட்டுத் தாத்தா யாரிடமும் பேசமாட்டார், படிக்கட்டில் எதிர்ப்பட்டால் தலையை மட்டும் அசைப்பார் என்று எழுதியிருந்தேன் அல்லவா? போன வாரம் ஆணி பதித்த ரப்பர் பட்டை ஒரு ஜோடியை என் கதவுப் பிடியில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். ஷூவின் மேல் இழுத்து மாட்டிக்கொண்டால் வழுக்காது. நான் சறுக்கியதை ஜன்னல் வழியே பார்த்திருக்கிறார். நன்றி சொல்லப் போனபோதும் அதே தலையசைப்புதான்.

"அங்கே எல்லாம் கணினிமயம், நாங்கள் இன்னும் சாக்பீஸோடு மல்லுக்கட்டுகிறோம்" என்று எழுதியிருக்கிறாய். அப்படி இல்லை அக்கா. ஹெல்சிங்கிக்கு வடக்கே ரீஹிமாக்கி என்று ஓர் ஊர். அங்கே சில ஆண்டுகள் புத்தகத்தை ஒதுக்கிவிட்டுப் பெரும்பாலும் மடிக்கணினியிலேயே பாடம் நடத்தினார்கள். பிள்ளைகளின் கவனம் சிதறுகிறது என்று 2024இல் அச்சுப் புத்தகத்துக்குத் திரும்பிவிட்டார்கள். இந்த ஆகஸ்ட் முதல் பாட நேரத்தில் கைப்பேசி கூடாது என்று நாடு முழுவதற்கும் சட்டமே வந்துவிட்டது. ஆசிரியர் அனுமதித்தால் எடுக்கலாம். அந்த விதிவிலக்குதான் எனக்குப் பிடித்தது. எப்போது எடுப்பது, எப்போது மூடிவைப்பது என்பதை வகுப்பில் நிற்பவரே முடிவு செய்ய வேண்டும்.

எங்கள் ஆசிரியர் படிப்புக்கான பயிற்சிப் பள்ளியில் போன மாதம் இரண்டாம் வகுப்பில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். கணக்குப் பாடத்தின் நடுவே இணையம் நின்றுவிட்டது. டீச்சர் சலித்துக்கொள்ளவில்லை. எல்லோரையும் கோட்டு மாட்டச் சொல்லிப் பின்னாலிருக்கும் காட்டுக்கு அழைத்துப் போனார். பிள்ளைகள் பைன் காய்களைப் பொறுக்கிப் பத்துப் பத்தாகக் குவித்தார்கள். நான்கு குவியலும் மூன்று உதிரியும் நாற்பத்து மூன்று! குட்டிக் கையுறைகளில் ஒட்டிய பிசின் போகவே இல்லை. அதே டீச்சர் மறுநாள், உக்ரைனிலிருந்து வந்திருக்கும் பையனிடம் மட்டும் டேப்லெட்டைக் கொடுத்தார். கேள்வியைத் தன் மொழியில் படித்தவுடன் கையைத் தூக்கினான். அதுவரை அவன் குரலை நான் கேட்டதே இல்லை.

ஃபின்னிய மொழியில் முதல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி 1863இல் தொடங்கியது இந்த ஊரில்தான். இங்கே உட்கார்ந்து, சூழலுக்கேற்ப மாறும் ஆசிரியர் யார் என்று எழுதச் சொன்னபோது நான் உன்னைத்தான் எழுதினேன். கொரோனா காலத்தில் வீட்டில் டிவி இல்லாத பிள்ளைகளுக்குக் கல்வித் தொலைக்காட்சிப் பாடத்தை நீ பார்த்துக் குறித்துக்கொண்டு, மாரியம்மன் கோயில் திண்ணையில் நடத்தினாயே, அதை. பேராசிரியை வகுப்பில் வாசித்துக் காட்டினார்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. பள்ளியில் வியாழக்கிழமை பட்டாணி சூப்பும் பான்கேக்கும். இங்கே 1948 முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் மதிய உணவு இலவசம். நம் சத்துணவுக் கூடத்து ஆயா கரண்டியோடு நிற்பது கண்முன் வரும். நேற்று ரசம் வைத்தேன். பெருங்காயம் பொரிந்த வாசனையில் அம்மா பின்னால் நிற்கிறாள் என்றே திரும்பிவிட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இதை அப்பாவிடம் வாசித்துக் காட்ட வேண்டாம்.

மாலையில் ஒரு சின்ன வேலைக்குப் போகிறேன், கைச்செலவுக்கு ஆகிறது. வீட்டுக்கு அனுப்புவது மட்டும் தை வரை பொறுக்கட்டும். சீட்டுத் தவணையை அத்தானிடம் சொல்லி இம்மாதம் சமாளி.

வாய்க்கால் ஓரத்து நிலத்தைப் பாகம் பிரிக்கப் பெரியப்பா அவசரப்படுகிறார் என்றாய். எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் பம்புசெட் பொதுவில் இருக்க வேண்டும். அதைப் பத்திரத்தில் எழுதாமல் அப்பா கையெழுத்துப் போடக் கூடாது. பவர் பத்திர வரைவை அனுப்பு, ஹெல்சிங்கியில் நம் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்புகிறேன். சம்பா மூழ்கவில்லையே? சின்னவனை டைப்ரைட்டிங் வகுப்பை விடாமல் போகச் சொல். அப்பாவுக்குச் சொட்டுமருந்து வேளை தவறாமல் போடு, தலைக்குக் குளிக்க விடாதே.

உன் அன்புத் தங்கை,
வசந்தி