கம்பித்தரைக் கூண்டு, தவறான மருந்து யோசனை: புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 'கினிப்பன்றிக்கு ஏற்றது' என்று விற்கப்பட்ட கூண்டால் ஏற்பட்ட கால் புண், அதற்கு உங்கள் பிரிவு சொன்ன ஆபத்தான வைத்தியம்

ஐயா / அம்மையீர்,

உங்கள் சொந்தப் பெயரில் விற்கும் இரண்டடுக்குக் கம்பிக் கூண்டை என் மகளின் கினிப்பன்றிகளுக்காக வாங்கினேன். அட்டையில் 'முயல், கினிப்பன்றிக்கு ஏற்றது' என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. இப்போது மூத்தது பட்டாணிக்குப் பின்னங்கால் இரண்டிலும் புண். பம்பிள்ஃபூட் (பாதத்தில் கிருமி புகுந்து வரும் புண்) என்று சொல்லி, கம்பித்தரைதான் முக்கியக் காரணம் என்று மருத்துவர் சீட்டிலேயே எழுதியிருக்கிறார். பில்லோடு அதன் நகலையும் இணைத்திருக்கிறேன்.

கூண்டு மட்டும் என்றால் திருப்பி அனுப்பிவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். உங்கள் ஆட்கள் தந்த பதில்தான் என்னை எழுத வைக்கிறது.

காலின் படத்தை உங்கள் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பினேன். உள்ளங்கால் வீங்கி, தோல் பளபளவென்று சிவந்து, குதிகால் பக்கம் மிளகளவு கறுத்த பொருக்கு. படத்திலேயே எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. வந்த பதில்: "புதுக் கூண்டில் கால் காய்த்துப்போவது சகஜம். மஞ்சள் தூள் வையுங்கள். சரியாகாவிட்டால் வீட்டில் உள்ள அமாக்சிசிலின் மாத்திரையில் கால் பங்கு கரைத்துக் கொடுங்கள்."

இதை எழுதியவருக்குக் கினிப்பன்றியைப் பற்றி எதுவும் தெரியாது என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது. அமாக்சிசிலின், பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால் இதன் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் செத்து, கிளாஸ்ட்ரிடியம் என்ற கெட்ட பாக்டீரியா பெருகி நஞ்சைக் கக்கும். கழிச்சல் கண்டு சில நாட்களில் செத்தே போகலாம். கால் புண்ணுக்கு மருந்து கேட்டவரிடம் உயிருக்கே உலை வைக்கும் மாத்திரையைச் சொல்லியிருக்கிறீர்கள். நான் கொடுக்கவில்லை. உங்களை நம்பிக் கொடுத்தவர்கள் எத்தனை பேரோ!

மருத்துவர் செய்தது வேறு. எலும்பு வரை சீழ் இறங்கியிருக்கிறதா என்று முதலில் எக்ஸ்ரே எடுத்தார், நல்லவேளை, இல்லை. நீர்த்த குளோர்ஹெக்சிடின் கிருமிநாசினிக் கரைசலில் காலைக் கழுவி, பொருக்கைப் பிய்க்காமல் மெத்தென்று கட்டுப் போட்டார். கிருமியைக் கொல்லக் கினிப்பன்றிக்கு ஒத்துவரும் என்ரோஃப்ளாக்சசின், வலிக்கு மெலாக்சிகாம், இரண்டும் எடை பார்த்து அளவு சொல்லிக் கொடுத்தார். குணமாக வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கிலும் ஆகும் என்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, அன்றைக்கே கம்பித்தரையை விட்டு இறக்கச் சொன்னார். இப்போது இரண்டும் ஃபிளீஸ் துணியும் காய்ந்த புல்லும் விரித்த மரப்பெட்டியில் இருக்கின்றன. ஈரம் தங்கினால் புண் ஆறாது என்பதால் விரிப்பைத் தினமும் மாற்றுகிறோம்.

"கம்பித்தரையில் கழிவு கீழே விழுந்துவிடும், அதுதான் சுத்தம்" என்றும் உங்கள் பிரிவு வாதாடியது. சுத்தம் யாருக்கு? கழுவுகிற எனக்கு வேலை மிச்சம், சரி. நாள் முழுக்க வெறுங்காலோடு ஏணிப்படியில் நிற்கச் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? உடல் பாரம் முழுவதும் அந்த மெல்லிய கம்பிகளில்தான் இறங்குகிறது. தோல் நைந்து கீறல் விட்டால் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி புக அதுவே போதும். உங்கள் கூண்டில் என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கிறது.

சின்னதுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று அடுத்த கேள்வி. அது எடை குறைவு. அதிக நேரம் மரவீட்டுக்குள்ளேயே படுத்துக் கிடக்கும். பட்டாணி கனமானது. கனமான பிராணிக்குத்தான் இது முதலில் வரும். அப்படியும் சின்னதின் பாதத்திலும் சிவப்பு தொடங்கிவிட்டது என்று மருத்துவர் காட்டினார்.

அப்புறம், கூடவே நீங்கள் தள்ளிவிட்ட 'வைட்டமின் சி நிறைந்த' பெல்லட் (உருண்டைத் தீவனம்). மனிதர்களைப் போலவே கினிப்பன்றியின் உடம்பும் வைட்டமின் சி தயாரிக்காது. அது குறைந்தால் புண்ணும் ஆறாது. பையில் இருக்கும் சத்து நாளாக நாளாகக் குறைந்துகொண்டே போகும். உங்கள் பையில் தயாரித்த தேதியே இல்லை! நாங்கள் குடைமிளகாயும் கொத்தமல்லியும் கொடுத்து வருகிறோம்.

நான் கேட்பது இவைதான். கூண்டின் விலையும் சிகிச்சைச் செலவும் திரும்ப வேண்டும். கினிப்பன்றிக்கு ஏற்றது என்ற வாசகத்தை எடுங்கள். இல்லையென்றால் கம்பியை மூடும் கெட்டியான தரைத்தட்டைக் கூண்டோடு சேர்த்தே கொடுங்கள். மருந்து பற்றிக் கேட்பவர்களிடம் கால்நடை மருத்துவரிடம் போகச் சொல்வதைத் தவிர வேறு எதுவும் உங்கள் பிரிவு சொல்லக் கூடாது. அமாக்சிசிலின் யோசனையை ஏற்கெனவே யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ, அவர்களுக்கு இன்றே மறுப்பு அனுப்புங்கள். பணத்துக்குக் காத்திருப்பேன், இதற்குக் காத்திருக்க முடியாது.

சரியாகப் பயன்படுத்தப் போதிய அறிவுரையோ எச்சரிக்கையோ இல்லாத பொருளால் வரும் கேட்டுக்குத் தயாரிப்பாளரே பொறுப்பு என்கிறது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். உங்கள் வாட்ஸ்அப் பதில்களை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கூண்டு வாங்கிய வாடிக்கையாளர்
கோயம்புத்தூர்