மகனின் இரத்தப் பரிசோதனை பற்றி

நல்லூர்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள நண்பருக்கு,

நலம், உம்முடைய வீட்டார் நலமறிய அவா. திருவிழாவுக்கு வருவதாக எழுதியிருந்தீர். மேலறை தயாராக இருக்கிறது.

உம் மூத்த மகனுக்கு 26 வயதில் ஓட்டிசம் என்று சொல்லப்பட்டதையும், ஆண் ஓமோன் கூடியதால் வந்தது, இரத்தத்தைச் சோதியும் என்று உம் மைத்துனர் வற்புறுத்துவதையும் வாசித்தேன். அவர் பேச்சு எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். 2002இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சைமன் பாரன்-கோஹன், ஓட்டிசம் ஆண் மூளையின் மிகைப்பட்ட வடிவம் என்றொரு கருத்தை விரித்தெழுதினார். கருவில் சுரக்கும் டெஸ்டோஸ்டெரோன் என்ற ஆண் ஓமோனுக்கு அதில் பங்குண்டு என்பது அவருடைய ஊகம். டென்மார்க்கில் சேமித்து வைத்திருந்த, கருவைச் சூழ்ந்திருக்கும் பனிக்குட நீரைச் சோதித்து 2015இல் வெளியான ஆய்வில், பின்னாளில் ஓட்டிசம் அறியப்பட்ட 128 ஆண்பிள்ளைகளுக்கு டெஸ்டோஸ்டெரோன் உள்ளிட்ட ஸ்டீரொயிட் ஓமோன்கள் கூட்டாக உயர்ந்திருந்தன. ஆனால் 2019இல் அதே சேகரிப்பை மீண்டும் ஆராய்ந்தபோது, நாம் பெண் ஓமோன் என்று பெயரிட்டு வைத்திருக்கும் ஈஸ்ட்ராடையோலின் தொடர்பே கூடுதல் வலுவாகத் தெரிந்தது. டெஸ்டோஸ்டெரோனில் ஒரு பகுதியை அரோமற்றேஸ் நொதியம் ஈஸ்ட்ராடையோலாக மாற்றுகிறது என்று எத்தனை வருடம் படிப்பித்தோம், நினைவிருக்கிறதா? தொப்புள்கொடி இரத்தத்தைப் பார்த்த வேறு ஆய்வாளருக்கோ இத்தொடர்பே கிடைக்கவில்லை.

இவை யாவும் கருப்பைக்குள் நடந்தவை. அவற்றை வளர்ந்த ஆணின் இரத்தத்தில் தேடுவது, புகையிலைக் கன்று நாற்றுமேடையில் நின்றபோது இறைத்த தண்ணீரை இன்று புகைக்குடிலில் தொங்கும் இலையில் தேடுவதற்கு ஒப்பாகும். மேலும், டெஸ்டோஸ்டெரோன் காலையில் ஏறி மாலையில் இறங்கும். ஒரு துளி இரத்தம் அந்த வேளையை மட்டுமே சொல்லும். பிறர் மனத்தை உணரும் திறனை அது குறைக்கிறதா என்று பார்க்க, 2019இல் வெளியான இன்னோர் ஆய்வில் 643 ஆண்களிற் சிலருக்கு டெஸ்டோஸ்டெரோனையும் மற்றவர்களுக்கு வெறும் களிம்பையும் கொடுத்து, கண்களின் படத்தைப் பார்த்து மனநிலையைக் கண்டறியச் சொன்னார்கள். ஓமோன் பெற்றவர்கள் சற்றும் பின்தங்கவில்லை.

நான் அஞ்சுவது பரிசோதனைக்கு அடுத்த படியை. அமெரிக்காவில் ஓட்டிசமுள்ள சிறுவர்களுக்கு ஓமோனை அடக்கும் ஊசியை ஏற்றிய ஒரு மருத்துவரின் உரிமத்தை மேரிலாந்து மருத்துவச் சபை 2011இல் இடைநிறுத்தியது. மைத்துனரிடம் இதைச் சொல்லும். என் பெயரையும் தாராளமாகச் சொல்லும்.

சென்ற முறை வந்தபோது உம் மகன் எங்கள் கிணற்றடி மோட்டரைக் கழற்றித் திருகாணிகளைப் பழைய பத்திரிகையில் நீள வரிசைப்படி அடுக்கி, ஒவ்வொன்றின் கீழும் அது இருந்த இடத்தைப் பென்சிலால் எழுதினான். அயற்பிள்ளைகள் கூச்சலிட்டதும் எழுந்து மாட்டுக் கொட்டிலுக்குப் போய், அவர்கள் போகும்வரை அங்கேயே இருந்தான். அவனுக்கு எது தேவை என்பதை அன்று அந்தக் கொட்டில் எனக்குக் காட்டியது. மோட்டர் இன்றும் ஓடுகிறது. ஆனால் நேற்று முதல் தண்ணீர் ஏறத் தொடங்கும்போது மட்டும் கிரீச்சென்று ஒரு சத்தம் வருகிறது. என்ன செய்யலாம் என்று அவனைக் கேட்டு எழுதும்.

அன்புடன்,
உம் பழைய நண்பன்