ஒரு மீட்டர், மூன்று அடுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் தென்னாப்பிரிக்காவின் மின்கட்டண உயர்வு பற்றிய போன இதழ்க் கட்டுரையில், ஏழைகளுக்குத்தான் இலவச மின்சாரம் இருக்கிறதே என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த வரி எனக்கு ஒப்பவில்லை.

2003-இல் அரசு இதைக் கொண்டுவந்தபோது மாதம் 50 யூனிட் என்று வைத்தார்கள். விளக்கு, ரேடியோ, கெட்டிலில் கொஞ்சம் வெந்நீர், துணி இஸ்திரி, ஒரு சின்னக் கறுப்பு-வெள்ளை டிவி, இவ்வளவுக்கும் போதும் என்பது அன்றைய கணக்கு. கறுப்பு-வெள்ளை டிவியாம்! சில நகராட்சிகள் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கின்றன, சரி, ஆனால் நாட்டுக்கான கணக்கு அந்த 50-ஐ விட்டு நகரவில்லை. 3 கிலோவாட் கெய்சர் 17 மணி நேரம் ஓடினால் அத்தனையும் காலி, அப்புறம் சமையலுக்குக் காசு கொடுத்து, மீட்டரில் போடும் ப்ரீபெய்டு டோக்கன் வாங்க வேண்டியதுதான். அரசு மின் நிறுவனமான எஸ்காமுக்கோ 2023-இல் 18.65 சதவீதம், அடுத்த வருஷம் 12.74 சதவீதம் ஏற்றிக்கொள்ள அனுமதி.

அந்த 50 யூனிட்டாவது கைக்கு வருகிறதா? டர்பனில் எங்கள் சாட்ஸ்வொர்த் பகுதியில் நிறைய வீடுகளுக்குப் பின்னால் ஒரு அவுட்பில்டிங், அதாவது தனியாகக் கட்டிய சின்ன வீடு, இருக்கும். கணவரை இழந்த என் தங்கை அப்படி ஒன்றில்தான் வாடகைக்கு இருக்கிறாள். முன்னால் வீட்டுக்காரர், நடுவில் அவர் மகன் குடும்பம், கடைசியில் இவள், மூன்று அடுப்புக்கும் மீட்டர் ஒன்றே. இலவச மின்சாரத்துக்கு விண்ணப்பம் கொடுக்கப் போனவளை, மீட்டர் யார் பெயரில் இருக்கிறதோ அவர் வரட்டும் என்று அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்காரருக்கு நல்ல வருமானம், அவர் வந்து என்ன ஆகப்போகிறது? போதாததற்கு, பயன்பாடு கூடக் கூட விலையும் ஏறுகிற ஊர்களில் இப்படி மூன்று குடும்பம் ஒரே மீட்டரில் இருந்தால், கஞ்சத்தனமாகப் புழங்குகிறவளும் பணக்காரர் விலைதான் கொடுக்க வேண்டும்.

குளிர்காலத்தில் அவள் பாரஃபின் (மண்ணெண்ணெய்) அடுப்புக்குப் போய்விடுகிறாள். பாரஃபினுக்கு வாட் வரி இல்லை, நல்லதுதான், ஆனால் அந்தச் சின்ன அறையில் அதைப் பற்றவைத்தால் எனக்கு இரவெல்லாம் தூக்கம் வராது.

முதியோர் உதவித்தொகையை வருமானம், சொத்து எல்லாம் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள், அவளும் வாங்குகிறாள். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் எதற்கு வரிசையில் நிற்க வைக்கிறார்கள்? மீட்டரை விட்டுவிட்டு ஆளைப் பார்த்துக் கொடுக்கலாமே.

அடுத்த முறை எழுதும்போது வாடகைக்கு இருப்பவர்களையும் போய்க் கேளுங்கள். மாதக் கடைசியில் மட்டும் வேண்டாம், ஒரு டீ போட்டுக் கொடுக்க முடியவில்லையே என்று என் தங்கை சங்கடப்படுவாள்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த் வாசகர் ஒருவர்