அந்தக் கல்லைச் சேற்றிலிருந்து எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பிரதேச சபையின் மாதாந்த அமர்வு பற்றித் தங்கள் பத்திரிகையில் கடந்த வாரம் வந்த செய்தியை மூன்று முறை வாசித்தேன். சந்தை வளாகத்தைப் புதுப்பிக்கும் திட்டத்தைப் பேசும்போது, போர்க்காலத்தில் சந்தையில் ஷெல் விழுந்து இறந்தவர்களுக்காகச் சந்தியில் இருந்த பெயர்க்கல் எங்கே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நினைவுக்கல்லில் மக்கள் குடியிருக்க முடியாது, வீடில்லாதவர்களுக்கு முதலில் வீடு வேண்டும் என்று இன்னோர் உறுப்பினர் பதில் சொல்லியிருக்கிறார். கைதட்டலும் எழுந்ததாம். தாங்கள் அதையே தலைப்பாகப் போட்டிருந்தீர்கள்.

வீடில்லாதவள் நான்தான் ஐயா. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் கடலோர ஊரான மயிலிட்டியில் பிறந்தவள். 1990 ஜூன் மாதம் போர் மூண்டபோது உடுத்த உடுப்போடு வெளியேறினோம். இரண்டு கிழமையில் திரும்பிவிடலாம் என்று அம்மா வீட்டுத் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தார். கோயில் மண்டபம், பாடசாலை, அதன் பிறகு இடம்பெயர்ந்தோருக்கான நலன்புரி நிலையத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கொட்டகை. ஒருவர் இருமினால் நான்கு வீட்டுக்குக் கேட்கும். கடலில் காலம் கழித்த அப்பா கடைசி நாட்களில், கடல் இரைவது கேட்கிறதா என்று எங்களைக் கேட்டுக்கொண்டே இருந்தார். கடல் எங்கே, நாங்கள் எங்கே? அந்தக் கொட்டகையில்தான் அவர் உயிர் பிரிந்தது.

போர் முடிந்து, இந்திய வீட்டுத்திட்டம் வந்தது. ஐந்தரை இலட்சம் ரூபாய், தவணை முறையில். சொந்தக் காணியைக் காட்டச் சொன்னார்கள். என் காணி இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்தின் முட்கம்பிக்கு உள்ளே இருந்தது. காணி உறுதிப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பட்டியலில் என் பெயர் வரவில்லை. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகத்தையும் அதையண்டிய காணிகளையும் விட்டபோது போய்ப் பார்த்தேன். வீடு இருந்த அடையாளமே இல்லை. கிணற்றுக்கட்டின் உடைந்த வளையத்தை வைத்துத்தான் இது எங்கள் வளவு என்று தெரிந்துகொண்டேன். பிறகு இன்னொரு வீட்டுத்திட்டத்தில் பெயர் வந்தது. யன்னல் மட்டம் வரை சுவர் எழும்பியதும் பணம் நின்றது. ஆட்சி மாறிவிட்டது என்றார்கள். 2022இல் ஒரு பை சீமெந்து மூவாயிரம் ரூபாயைத் தொட்டது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் புகையைப் பார்த்து வளர்ந்த என்னால் பத்துப் பை வாங்க முடியவில்லை. அந்தச் சுவருக்குள் இப்போது எருக்கலை வளர்ந்து நிற்கிறது. நான் இங்கே உறவினர் வளவில் தகரத்தின் கீழ் இருக்கிறேன்.

வீட்டின் அருமையை எவரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. என் பெயரைச் சொல்லிக் கைதட்டு வாங்கியதுதான் நோகிறது. வீட்டுத்திட்டப் பயனாளிகளைத் தெரிவு செய்வது பிரதேச செயலகத்தின் வேலை, பிரதேச சபையின் வேலை அன்று. இது தங்களுக்கும் தெரியும், அந்த உறுப்பினருக்கும் தெரியும். கையில் இல்லாத வீட்டைக் காட்டிக் கையில் இருந்த கல்லை மறைக்கிறார்கள். அதே அமர்வில் சந்தியில் வண்ண விளக்குகளோடு நீரூற்று அமைக்கத் தீர்மானம் நிறைவேறியதையும் தாங்கள்தான் எழுதியிருந்தீர்கள். நீரூற்றில் யார் குடியிருப்பார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

சந்தைக்குப் புதுக் கூரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாரியில் மீன்சந்தைக்குள் கால் வைக்க முடியாது. கட்டட்டும், நன்றாகக் கட்டட்டும்.

அந்தக் கல் பெரிதொன்றும் இல்லை. இரண்டடி உயரச் சீமெந்துப் பலகை, பத்துப் பெயர்கள். நவாலித் தேவாலயத்தில் குண்டு விழுந்த 1995ஆம் ஆண்டில், அதற்குச் சில கிழமைகள் கழித்து, எங்கள் சந்தையில் ஷெல் விழுந்தது. என் தம்பி உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். ஜாம் போத்தல் விளக்குக்கு மண்ணெண்ணெய் முடிந்துவிட்டது. அரைப் போத்தல் வாங்கப் போனவன் திரும்பவில்லை. போத்தலை மட்டும் யாரோ கொண்டுவந்து தந்தார்கள், உடையாமல். கல்லில் அவன் பெயர் ஏழாவது. எழுதியவர் கடைசி எழுத்தின் புள்ளியை விட்டுவிட்டார். அதை ஆணியால் கீறிச் சேர்த்தவள் நான். ஆண்டுதோறும் ஜூலையில் கறுப்பு வர்ணம் தொட்டு எழுத்துகளைப் புதுப்பிப்பதும் நான்தான்.

வீதியை அகட்டும்போது கல்லைப் பெயர்த்தார்கள். எங்களுக்கு ஒரு சொல் சொல்லவில்லை. சென்ற மாதம் சோலை வரி கட்டப் போனபோது தற்செயலாகக் கண்டேன். சபையின் பின்வளவில், குப்பை ஏற்றும் உழவு இயந்திரத்துக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்தார்கள். கீழ்ப்பாதி சேற்றில். ஆறு பெயர்கள் வரைதான் வெளியே தெரிந்தன. குனிந்து கையால் துடைக்கப் போனேன், காவலாளி வந்து, இங்கே நிற்கக் கூடாது அம்மா என்றார். அவரில் பிழையில்லை.

2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இடித்தபோது ஊரே கொதித்தது. மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அதே ஆண்டில் தூபி திரும்ப எழுந்தது. அன்று நானும் வாயிலில் போய் நின்றேன். கோப்பாயில் மாவீரர் துயிலும் இல்லத்தை உழுது படைமுகாம் கட்டியபோதும் அழுதோம். அவையெல்லாம் மற்றவர்கள் செய்தவை என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். இந்தச் சபைக்கு வாக்குப் போட்டவர்கள் நாங்கள். சென்ற தேர்தலில் அந்தக் கல்லின் முன்னால் நின்று வாக்குக் கேட்டவர்களும் இதே சபையில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் என்ன சொல்லி அழுவது?

அப்பாவின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. குண்டு பட்டு இறக்கவில்லை அல்லவா? ஊருக்குப் போகக் காத்திருந்தே போனவர். அவரைப் போல எத்தனை பேர் கொட்டகைகளில் போனார்கள் என்று யாரிடம் கணக்கு இருக்கிறது? வீட்டையும் நினைவையும் தராசின் இரு தட்டில் வைக்கிறவர்களுக்கு இது விளங்கவில்லை.

தாங்கள் ஒரு வரி எழுதினால் சபை கேட்கும் என்று நம்பிக் கேட்கிறேன். புதிய சந்தை முடியும்வரை கல்லுக்கு இடமில்லை என்றால் பொறுத்துக்கொள்கிறோம். அதுவரை அதைச் சேற்றிலிருந்து தூக்கி, கழுவி, கூரைக்குக் கீழே பெயர்கள் தெரியும்படி நிமிர்த்தி வைக்கட்டும். சபைக்குச் செலவு வேண்டாம். தூக்க நான்கு பேர் போதும், என் மகனும் அவனுடைய நண்பர்களும் வருவார்கள். பின்வளவுக் கதவை ஒரு மணி நேரம் திறந்துவிட்டால் போதும்.

இப்படிக்கு,
மயிலிட்டியில் பிறந்த ஒரு வாசகி